ஆறு நிமிஷமும் முப்பத்தெட்டு நிமிஷமும்

"சிஸ்டர், அன்னிக்கு நான் ஃபோன் பண்ணாம உடனே சரின்னு சொல்லியிருந்தா, எம்புள்ள கை இப்படி ஆயிருக்காதுல்ல?"

ஒரு தாய் என்னிடம் இதைக் கேட்டு மூன்று செவ்வாய்க்கிழமைகள் ஆகின்றன. எனக்கு இன்னும் பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரியாமல் இருக்கிறேனா, தெரிந்தும் பயந்து இருக்கிறேனா என்று கேட்டால் அதுவும் சரியாகத் தெரியவில்லை.

பணி அனுபவம் எழுதுவதெல்லாம் ரிட்டயர் ஆனவர்கள் செய்கிற வேலை. நான் நர்ஸாகி ஒன்பது வருஷம்தான் ஆகிறது. இரண்டரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பெரம்பலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில், தலையிலும் முதுகெலும்பிலும் அடிபட்டு வருகிறவர்களுக்கான வார்டில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் போன வாரம் உங்களுக்கு நடந்த வகுப்பில் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் உங்களுக்கு ஒரு கதை சொன்னார். குழந்தையின் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, ஆப்பரேஷனுக்கு முடி எடுக்க வேண்டும், ஆனால் குலவழக்கம், தாய்மாமன் மடி என்று சொல்லி வீட்டார் நேரத்தைக் கடத்திவிட்டார்கள், குழந்தைக்கு வலது கை போய்விட்டது. "படிப்பறிவு இல்லாத ஜனங்ககிட்ட நாம எப்படி வேலை பாக்குறோம்னு புரியுதா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். ஒரு தங்கை, "முடியா உயிரான்னு கேட்டா முடிங்கறாங்க பாரேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்பட்ட கதைக்கு அப்படித்தான் சிரிப்பு வரும். அந்தக் கதை பொய் என்பதும், அதை முதன்முதலில் எழுதிய கை என்னுடையது என்பதும்தான் எனக்கு ஒரு வாரமாகத் தாங்கவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தாயின் பெயரைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திருமானூர்ப் பக்கம். மகளுக்கு மூன்று வயது. கணவர் பைக் ஓட்ட, பாப்பா முன்னால் டேங்கில் உட்கார, செல்வி பின்னால் உட்கார்ந்து அரியலூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரியிலிருந்து சிந்தின கல் ரோட்டில் கிடந்தது. பைக் சறுக்கியது. பெரியவர்களுக்கு முழங்கை உரசியதோடு போயிற்று. பாப்பாவின் தலை தார் ரோட்டில் மோதியது. அழுதாளாம், பிறகு தண்ணீர் கேட்டாளாம், பிறகு தூக்கம் வருகிறது என்றாளாம். அரியலூரில் ஸ்கேன் எடுத்தவர்கள் ஒரு நிமிஷம் வீணாக்கவில்லை. மண்டை ஓட்டுக்குக் கீழே இடதுபக்கம் இரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் வந்தபோது மத்தியானம் ஒன்று ஐம்பது. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்காயம் வந்தால் ஒரு துண்டு பிளாஸ்டரைக் கிழித்து யூனிபார்ம் பாக்கெட் மேல் ஒட்டிக்கொள்வேன். ஒவ்வொன்று நடக்கும்போதும் அதில் நேரத்தை மட்டும் பேனாவால் எழுதிக்கொள்வேன். கேஸ் ஷீட்டை அப்புறம்தான் எழுதுவேன். அந்தப் பிளாஸ்டரை அன்றே என் டைரியில் ஒட்டிப் பத்திரமாக வைத்தேன்.

டியூட்டி டாக்டர் சர்ஜனுக்கு ஃபோன் செய்தார். சர்ஜன் திருச்சியில் இருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார். "பாதி வழியில இருக்கேன். அரை மணி நேரத்துல வந்துடுவேன். தலையை ரெடி பண்ணி வைங்க, வந்ததும் உள்ள போயிடலாம்" என்றார். தலையை ரெடி பண்ணுவது என்றால் முடியை எடுப்பது. முடியோடு யாரையும் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். அது எங்கள் மருத்துவமனையின் விதி.

நான் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு செல்வியிடம் போனேன். பாப்பாவுக்கு இடுப்பு வரை முடி. இரட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்திருந்தார்கள். நான் முடி எடுக்க வேண்டும் என்றதும் செல்வி பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"சிஸ்டர், ஒரே ஒரு நிமிஷம். என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன். செட்டிகுளம் மலையில அவன் மடியில வச்சு முத முடி எடுக்கறதா வேண்டிக்கிட்டது. அவன் சிங்கப்பூர்ல இருக்கான். லீவு கெடைக்கலைன்னுதான் மூணு வருஷமா வளத்து வச்சிருக்கோம்."

ஒன்று ஐம்பத்தெட்டு. ஃபோன் முதலில் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை வீடியோவில் தம்பி வந்தான். மஞ்சள் ஹெல்மெட் போட்டு ஏதோ கட்டட வேலை நடக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, பாப்பாவுக்கு மண்டையில அடிபட்டுருச்சுடா. ஆப்பரேசன் பண்ணணுமாம். முடி எடுக்கணுமாம்."

"எடுக்கச் சொல்லுக்கா! இதுக்குப் போயி என்னையக் கேட்டுக்கிட்டு நிக்கிற?"

"இல்லடா, உன் மடியில வச்சு…"

அந்தப் பையன் அவளை முடிக்க விடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மணலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தான். "இந்தா, உக்காந்துட்டேன் பாரு. என் மடியிலதான் இருக்கா. எடுக்கச் சொல்லு. முடிக்கிற வரைக்கும் கட் பண்ணாத."

செல்வி கையெழுத்துப் போட்டாள். மணி இரண்டு நாலு. எல்லாம் சேர்ந்து ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் சர்ஜன் ரோட்டில் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முடி எடுக்க வேண்டும். எங்கள் வார்டில் அது பார்பர் அண்ணனின் வேலை. ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார், கை பஞ்சு மாதிரி. அவர் அறையில் இல்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. வார்டு ஆயாம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "அவரு மேனேஜர் வூட்டுக்குப் போயிருக்காரும்மா. மேனேஜரோட மாமனாருக்குச் சவரம் பண்ண. வாரத்துக்கு ரெண்டு தடவ போறதுதானே."

மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிற ஆளை, டியூட்டி நேரத்தில், ஒரு பெரியவரின் தாடியை வழிக்க வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் மேனேஜர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நாங்கள் காத்திருந்தோம்.

இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. முடி எடுக்கிற மெஷின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிரெஸ்ஸிங் ரூமில், இரண்டாவது அலமாரியில், எப்போதும் சார்ஜில் இருக்கும். எனக்கு முடி எடுக்கவும் தெரியும். முதல் வருஷம் ஒரு தடவை எடுத்திருக்கிறேன். முருங்கை மரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்த ஒருவர். மண்டையின் இரண்டு பக்கமும் இடுக்கி பொருத்தி, எடை கட்டி, கழுத்தை நேராக இழுத்து வைக்க வேண்டும். அதற்குக் காதுக்கு மேலே முடி எடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்பர் அண்ணன் லீவு. நானே கழுத்தை அசைக்காமல் எடுத்து முடித்தேன். அந்த மனிதர் பிறகு நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது, "எல்லாம் சரிதான், காதோரம் மட்டும் கோணலா வெட்டிட்டீங்கம்மா, பொண்ணு பாக்கப் போறவன் நான்" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். அவருக்கு அறுபது வயது.

டாக்டர் பாராட்டினார். வார்டில் என்ன நடந்தது தெரியுமா? "என்னடி, சலூன் தொறந்துட்டியாமே? எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு நாளு டைம் குடு." இது ஒருத்தி. "ரேட்டு போர்டு எழுதி மாட்டிடு" என்றாள் இன்னொருத்தி. "கத்திரி" என்று பெயர் வைத்தார்கள். ஆறு மாசம் அதுதான் என் பெயர். ஒரு மூத்த சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல குடும்பத்துப் பொண்ணு நீ. அதெல்லாம் தொடாத. கல்யாணம் பேசும்போது பேச்சு வரும்" என்றார். மலம் அள்ளுகிறோம், சீழ் துடைக்கிறோம், வாந்தியைக் கையில் ஏந்துகிறோம். அதற்கெல்லாம் நம்மைத் தேவதை என்கிறார்கள். முடி எடுத்தால் மட்டும் கௌரவம் போய்விடுகிறது. அது ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வேலைக்கென்று ஒரு சாதியை ஒதுக்கி வைத்த புத்தியை, யூனிபார்முக்குள்ளும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம். நான் அதற்குப் பிறகு மெஷினைத் தொட்டதில்லை.

அன்றைக்கும் தொடவில்லை. ஒரு தடவை டிரெஸ்ஸிங் ரூம் வரை போனேன். அலமாரியைத் திறந்தேன். அண்ணன் வந்துவிடுவார், அவர் வேலையில் நாம் கை வைத்தால் இன்சார்ஜ் என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். மூடிவிட்டு வந்தேன்.

இரண்டு இருபத்தைந்துக்கு சர்ஜன் வந்துவிட்டார். மயக்க டாக்டர் தயார். தியேட்டர் தயார். பாப்பாவின் சடை மட்டும் அப்படியே இருந்தது. நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது மூளை நசுங்குவதன் அடையாளமாக இடது கண்மணி பெரிதாக ஆரம்பித்திருந்தது. அதைச் சொன்னேன். சர்ஜன் கத்தினார்.

"இன்னும் ஏன் முடி எடுக்கல?"

இன்சார்ஜ் சிஸ்டர் கண் சிமிட்டும் நேரம்கூட யோசிக்கவில்லை. "குழந்தையோட அம்மா ஒத்துக்கல சார். தாய்மாமன்கிட்ட கேக்கணுமாம். இன்னும் ஃபோன்லதான் இருக்காங்க."

செல்வியின் கையில் ஃபோன் இருந்தது உண்மை. அந்த ஃபோன் திரையில் அவள் தம்பி இருபது நிமிஷத்துக்கு மேலாக மணலில் சம்மணம் போட்டபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் யாரோ அவனை வேலைக்கு வரச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

சர்ஜன் செல்வியைப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் முடிதான் முக்கியம், இல்ல? புள்ள செத்தாலும் பரவால்ல."

"நாங்க அப்பவே சரின்னுட்டோம் சார்!" என்று ஃபோனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மொதல்ல அந்த ஃபோனை உள்ள வைம்மா" என்று இன்சார்ஜ் அதட்டினார். செல்வி ஃபோனை மாரோடு சேர்த்து அழுத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவள் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் அங்கே இரண்டு அடி தூரத்தில் நின்றேன். என் பாக்கெட் மேல் ஒட்டிய பிளாஸ்டரில் இரண்டு நாலு என்று எழுதியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பார்பர் அண்ணன் இரண்டு நாற்பத்திரண்டுக்கு ஓடிவந்தார். சட்டையெல்லாம் வேர்வை. மெஷினை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏம்மா, மெஷின் இங்கதானே இருந்துச்சு? நீங்களே எடுத்திருக்கலாமே?" அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பிறகு செல்வியிடம் ஃபோனைத் திருப்பிக் காட்டச் சொன்னார். "தம்பி, நல்லா உக்காந்துக்கங்க. புள்ளைய எடுத்து உங்க மடியில வைக்கிறேன்" என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். மூன்று நிமிஷத்தில் முடித்தார். சடைகளை ஒரு கவரில் போட்டுச் செல்வியிடம் கொடுத்தார். அந்த வார்டில் அன்றைக்கு மனுஷத்தனமாக நடந்துகொண்டது அவர் ஒருவர்தான். அவரைத்தான் பிறகு மேனேஜர், "ஃபோனை எடுக்கத் தெரியாதா?" என்று கேட்டு ஒரு நாள் சஸ்பெண்ட் செய்தார்.

கணக்கைப் பாருங்கள். செல்வி எடுத்துக்கொண்ட ஆறு நிமிஷத்தால் ஒரு வினாடிகூட வீணாகவில்லை. நாங்கள் காத்திருந்தது முப்பத்தெட்டு நிமிஷம். அதில் முதல் இருபத்தோரு நிமிஷம் சர்ஜனும் வழியில் இருந்தார், சரி. கடைசிப் பதினேழு நிமிஷம், கண்மணி விரிந்துகொண்டிருந்த அந்தப் பதினேழு நிமிஷம், முழுக்க முழுக்க எங்களுடையது.

பாப்பா பிழைத்துவிட்டாள். பேசுகிறாள், நடக்கிறாள். வலது கை விரல்கள்தான் எதையும் பிடிப்பதில்லை. பிஸ்கெட்டைக் கொடுத்தால் இடது கையை நீட்டுகிறாள்.

அன்று சாயங்காலம் கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "முடி எடுக்க வீட்டார் சம்மதம் தர தாமதம்னு எழுது."

"சிஸ்டர், அவங்க ரெண்டு நாலுக்கே…"

"இங்க பாரு. அந்தம்மா ஃபோன் பண்ணாளா இல்லையா?"

"பண்ணாங்க."

"அப்ப பொய்யா எழுதச் சொல்றேன்? நேரத்த மட்டும் எழுதாத. மேனேஜர் மாமனாருக்குத் தாடி வளந்துருச்சுன்னா எழுதப் போற? உனக்கும் சின்னக் குழந்தை இருக்கு. பாத்துக்க."

எழுதினேன். நேரம் போடவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரிதான் வளர்ந்து, மூடநம்பிக்கைக்கு உதாரணமாகி, வகுப்பு வரைக்கும் வந்து உங்களைச் சிரிக்க வைத்தது.

அன்று வீட்டுக்குப் போய் என் மகளுக்குத் தலை வாரினேன். அவளுக்கும் இன்னும் முதல் முடி எடுக்கவில்லை. என் அண்ணன் திருப்பூரில் இருக்கிறார், அவருக்கு லீவு கிடைக்கட்டும் என்று நாங்களும் காத்திருக்கிறோம். அவள் விழுந்திருந்தால் நானும் அண்ணனுக்குத்தான் ஃபோன் செய்திருப்பேன். படித்த நான், இந்த வார்டிலேயே வேலை பார்க்கிற நான், ஆறு நிமிஷத்தில் முடித்திருப்பேனா என்பதுகூடச் சந்தேகம்தான்.

செல்வி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பாப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டி வருகிறாள். இரண்டு பஸ் மாறி வருகிறாள். மூன்று வாரம் முன்னால் வந்தபோது தலையில் முக்காடு போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்து, முக்காட்டைத் தள்ளிக் காட்டினாள். மொட்டை.

"செட்டிகுளத்துல போயி பாப்பா முடிய குடுத்துட்டு வந்தேன் சிஸ்டர். என் முடியையும் சேத்துக் குடுத்துட்டேன். நேரம் கடத்துனது நான்தானே. அதுக்குத்தான்."

அதற்குப் பிறகுதான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டாள். நான், "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊசி போடப் போகிறவள் போல, ஊசி போட வேண்டிய ஆள் யாரும் இல்லாத வார்டுக்குள் ஓடிவிட்டேன்.

தங்கைகளே, உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். இரண்டாவது அலமாரியில் மெஷின் இருக்கிறது. அதை எடுங்கள். பெயர் வைப்பார்கள், வைக்கட்டும். வராண்டாவில் யாராவது ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நேரம் போடாமல் எதையும் எழுதாதீர்கள். யார் பக்கத்தில் வந்து நின்று சொன்னாலும் எழுதாதீர்கள்.

இனி நான் கேட்கிறேன். இந்தத் துறையில் என்னைவிட அதிக வருஷம் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் பதில் எழுதுங்கள். சர்ஜனிடம் போன வாரம் தயங்கித் தயங்கி, பிளாஸ்டரைக் காட்டியே கேட்டேன். அவர் அதை வாங்கி நேரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "பதினேழு நிமிஷம் முன்னாடி போயிருந்தா கை நல்லா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்றார். பிளாஸ்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்வியிடம் நான் உண்மையைச் சொன்னால் அவளுடைய பழி இறங்கும். ஆனால் யாரோ ஒரு பெரியவரின் தாடிக்காகத் தன் பிள்ளையின் கை போயிருக்கலாம் என்பதை அவள் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். சொல்லாவிட்டால், செய்யாத குற்றத்துக்கு மொட்டை போட்டுக்கொண்டவளாகவே இருப்பாள். என் வேலை போகும் என்ற பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்தப் பயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் எனக்கு வழி தெரியவில்லை.

பிளாஸ்டர் ஒட்டிய அந்தப் பக்கத்தை டைரியிலிருந்து கிழித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவள் வருவாள். அதை அவள் கையில் கொடுக்கட்டுமா? கொடுத்தால், முதல் வார்த்தையாக என்ன சொல்லட்டும்?